ரொறன்ரோ வீட்டுத் தோட்டத்துக்கு முயல் வேலி: எதை வாங்கலாம், எதை விடலாம்

மே மாதத்து விக்டோரியா டே விடுமுறையோடு கன்றுகள் நிலத்துக்குப் போகின்றன. ஒரு கிழமைக்குள் போஞ்சி நாற்றில் தண்டு மட்டும் நிற்கிறது, கீரைப் பாத்தி மொட்டையாகிவிடுகிறது. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் என்று எங்கே பின்வளவில் மரக்கறி நட்டாலும் இந்தத் தொல்லை உண்டு. அவசரத்தில் கடைக்கு ஓடினால் அங்கே ஒரு தட்டு நிறையச் சாமான்கள்: தெளிப்புப் போத்தல்கள், குறுணைகள், பிளாஸ்ரிக் வலை, ஆந்தைப் பொம்மை, மீயொலிக் கருவி (மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்புவது), தண்ணீர் பீச்சும் கருவி, நாலைந்து வகைக் கம்பி வலை. இவற்றில் எது கொடுத்த காசுக்கு வேலை செய்யும் என்பதை இங்கே பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கல்வனைஸ் செய்த (துருவைத் தடுக்கத் துத்தநாகம் பூசிய), ஒரு அங்குலக் கண் உள்ள கோழிக்கம்பிச் சுருளை வாங்குங்கள். அகலம் 36 அங்குலம் இருக்கவேண்டும். அதில் 24 அங்குலம் நிமிர்ந்து நிற்க, மிச்சம் 12 அங்குலம் வெளிப்பக்கமாக மடிந்து நிலத்தில் படிந்து கிடக்கவேண்டும். மரக்கறிப் பாத்திக்கு இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு நம்பிக்கையான வேறொன்று கடைகளில் இல்லை. தெளிப்பும் தண்ணீர்க் கருவியும் சில இடங்களில் துணைக்கு உதவும். ஆந்தைப் பொம்மையும் மீயொலிக் கருவியும் வாங்கவே வேண்டாம்.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னர், தின்றது முயல்தானா என்று பாருங்கள். முயலுக்கு மேலும் கீழும் கூரிய முன்பற்கள் உண்டு. அது கடித்த தண்டு கத்தியால் சரிவாக வெட்டியதுபோலத் துப்புரவாக இருக்கும். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, அது பிய்த்து இழுப்பதால் நுனி கிழிந்து நார் தொங்கும். நாற்று தரை மட்டத்தில் அறுந்து, மேற்பகுதி தின்னப்படாமல் பக்கத்திலேயே விழுந்து கிடந்தால் அது வெட்டுப்புழு. தண்டைச் சுற்றி மண்ணை இரண்டு அங்குலம் கிளறினால் சுருண்டு கிடக்கும் புழு அகப்படும். அதற்கு வேலி எதுவும் செய்யாது. நாற்றைச் சுற்றி ஒரு கடதாசிக் குவளையின் அடியை வெட்டிவிட்டுப் பதித்தால் போதும். இலையில் ஓட்டை ஓட்டையாக இருந்து பளபளப்பான கோடும் தெரிந்தால் நத்தை. முயல் வந்த இடத்தில் பட்டாணி அளவு உருண்டைப் புழுக்கை பெரும்பாலும் கிடக்கும். அது தின்னும் உயரமும் நிலத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு அடிக்குள் அடங்கும்.

இங்கே வளவுக்குள் வருவது கிழக்கத்தியப் பஞ்சுவால் முயல். ஐரோப்பிய முயலைப் போல இது வளை தோண்டி வாழ்வதில்லை. பற்றைக்குள்ளும், வீட்டை ஒட்டிய மரத்தளமான டெக்கின் அடியிலும் கொட்டிலின் அடியிலும் ஒதுங்கிக் கிடக்கும், குட்டி போடுவதற்கு மட்டும் புல்தரையில் ஆழமில்லாத ஒரு குழியைச் சுரண்டும். வேலிக்குப் பெரிய அகழி வெட்டத் தேவையில்லை என்பதற்கு இதுதான் காரணம். இது சுரங்கம் தோண்டி உள்ளே வராது. வேலியின் அடியைத் தேடி, மூக்கை நுழைத்துப் பார்த்து, இளக்கமான இடத்தில் கொஞ்சம் சுரண்டும். அந்த இடத்தில் கம்பி வலை தட்டினால் விட்டுவிடும். பின்னுக்கு ஒரு அடி தள்ளிப் போய் அங்கிருந்து தோண்டும் புத்தி இதற்கு இல்லை. நிலத்தில் படிந்த 12 அங்குல மடிப்பு வேலை செய்வது இப்படித்தான்.

உயரத்தைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள், ஆனால் வேலி தோற்பது பெரும்பாலும் அடியில்தான். பஞ்சுவால் முயலுக்கு 24 அங்குல உயரம் காணும். அந்த உயரத்தை அளக்கும்போது முயல் நிற்கும் இடத்திலிருந்து அளக்கவேண்டும். வேலிக்குப் பக்கத்தில் விறகுக் குவியலோ, மண் மேடோ, தாழ்ந்த கல்மதிலோ இருந்தால் அதன் மேலிருந்து 24 அங்குலம் வேண்டும்.

கண்ணின் அளவில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கோழிக்கம்பி ஒரு அங்குலக் கண்ணிலும் இரண்டு அங்குலக் கண்ணிலும் வருகிறது, இரண்டும் ஒரே தட்டில்தான் இருக்கும். இரண்டு அங்குலம் மலிவு. பெரிய முயலை அது மறிக்கும். ஆனால் பஞ்சுவால் முயல் ஒரு கோடைகாலத்தில் பல தடவை குட்டி போடும், குட்டிகள் மூன்று கிழமையில் கூட்டை விட்டு வெளிக்கிடும். அந்த வயதுக் குட்டி இரண்டு அங்குலக் கண்ணுக்குள்ளால் நிற்காமல் போய்வரும். வேலி அடைத்த பிறகும் கீரை குறைகிறது என்று சொல்பவர்களின் வேலியில் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

இனி வலைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கோழிக்கம்பி அறுகோணக் கண் உள்ளது, பெரும்பாலும் 20 கேஜ். கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும் என்பதால் 20 என்பது மெல்லிய கம்பிதான். முயல் இதைக் கடித்து அறுக்காது. கையால் வளைக்கலாம், சாதாரணக் குறட்டால் வெட்டலாம், மேடு பள்ளத்துக்கு ஏற்பப் படியும். குறை என்னவென்றால் தானாக நிமிர்ந்து நிற்காது. மேல் விளிம்பில் ஒரு தாங்கு கம்பி ஓடாவிட்டால் இரண்டாம் மாதமே நடுவில் தொய்ந்து, 24 அங்குலம் 18 ஆகிவிடும். இன்னொரு குறை, மண்ணில் படும் பகுதி மற்றதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். நிற்கும் பகுதி நல்ல நிலையில் இருக்கும்போதே நிலத்தில் கிடக்கும் மடிப்பு விரலால் அழுத்தினால் உதிரும் நிலைக்கு வந்துவிடும். அதனால் சிலர் 24 அங்குலச் சுருளை நிற்க வைத்து, மடிப்புக்குத் தனியாக ஒரு துண்டைக் கட்டுகிறார்கள். வேலை கூடத்தான், ஆனால் பிறகு மடிப்பை மட்டும் மாற்றலாம். நீண்ட காலம் ஒரே இடத்தில் தோட்டம் வைக்க நினைப்பவர்களுக்கு இது நல்ல வழி.

ஹார்ட்வேர் குளொத் என்ற பெயரில் விற்பது சதுரக் கண் உள்ள, கம்பிகள் சந்திக்கும் இடமெல்லாம் ஒட்டவைத்த வலை. அரை அங்குலக் கண்ணில் 19 கேஜ், கால் அங்குலக் கண்ணில் 23 கேஜ் என்பது வழமை. விறைப்பானது, தொய்யாது, கண் விரியாது. விலை கோழிக்கம்பியைவிட நன்றாகவே கூட. முழு மரக்கறிப் பாத்தியையும் இதனால் சுற்றுவது வீண் செலவு. ஆனால் மூன்று இடங்களுக்கு இதைத்தான் வாங்கவேண்டும்: படலையின் கீழ்ப்பகுதி, டெக்கின் அடியை அடைப்பது, பழமரத்தின் அடித்தண்டு. வாங்கும்போது ஒட்டிய பிறகு கல்வனைஸ் செய்ததா, ஒட்டுவதற்கு முன் செய்ததா என்று சுட்டியில் (லேபிளில்) பாருங்கள். முன் செய்ததில் ஒட்டிய புள்ளிகளில் பூச்சு எரிந்து போயிருக்கும், துரு அங்கேதான் தொடங்கும்.

முயல் வேலி என்ற பெயரிலேயே சுருளாக வரும் தடித்த கம்பி வேலி ஒன்றும் உண்டு. கீழே கம்பிகள் நெருக்கமாகவும் மேலே போகப் போக அகலமாகவும் இருக்கும். பார்வைக்கு அழகு, நிமிர்ந்து நிற்கும், முன்வளவில் பூக்கன்றுகளுக்குப் போட்டாலும் கண்ணை உறுத்தாது. ஆனால் கீழ்ப்பகுதியின் கண் நாலு அங்குல நீளம், ஒரு அங்குல உயரம் என்று நீள்சதுரமாக இருக்கும். கம்பி வளைந்து கொடுத்தால் குட்டி நுழையும். மேலும் இது நிலத்தில் மடிந்து படியாது, நேராக நிற்கும். அடியில் கோழிக்கம்பித் துண்டு ஒன்றைக் கட்டினால்தான் இது முழு வேலி. அந்தத் துண்டுக்கான காசையும் சேர்த்துப் பார்த்து விலையை ஒப்பிடுங்கள்.

பிளாஸ்ரிக் வலையை வேலிக்கு வாங்காதீர்கள். மெல்லிய கறுப்பு வலையை முயல் கடித்து வட்டமாக ஓட்டை போட்டுவிடும், அதற்கு அது ஒரு இரவு வேலைகூட இல்லை. பழத்துக்கு மூடும் பறவை வலை இன்னும் மோசம். நிலத்தில் தளர்வாகக் கிடக்கும் அந்த வலையில் பாம்பும் குருவியும் சிக்கி இறக்கின்றன.

வேலி அடைக்க வசதி இல்லாத இடத்தில், நாற்றுப் பருவத்துக்கு மட்டும் ஒரு மாற்று உண்டு: வளையங்களின் மேல் போர்த்தும் மெல்லிய வெள்ளைத் துணி. வெளிச்சமும் மழையும் உள்ளே போகும். ஓரங்களைக் கல்லாலோ மண்ணாலோ முழு நீளத்துக்கும் அமுக்கவேண்டும், ஒரு இடம் காற்றில் தூக்கினாலும் பயனில்லை. கரட், பீற்றூட், லெற்றூஸ், கீரை எல்லாவற்றுக்கும் இது நன்று. பூசணி, வெள்ளரி, பாகல், புடோல் பூக்கத் தொடங்கியதும் எடுத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் தேனீ வராது, காய் பிடிக்காது.

அளவுக் கணக்கும் அடைக்கும் முறையும்

10 அடிக்கு 12 அடிப் பாத்தியை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 44 அடி. 10 அடிப் பக்கம் ஒன்றின் நடுவில் 3 அடிப் படலை. மிச்சம் 41 அடி வேலி. 36 அங்குல அகலம், 50 அடி நீளம் உள்ள சுருள் ஒன்று போதும்: வேலிக்கு 41 அடி, படலைத் தடிகளில் சுற்றிக் கட்ட ஒரு அடி, படலைக்கு 4 அடி, மூலைகளுக்கு 4 அடி. 4 அடி நீள இரும்புத் தடிகள் 9 வேண்டும். மூலைக்கு ஒன்றாக 4, படலையின் இரண்டு பக்கமும் 2, அதற்கு எதிர்ப்பக்க நடுவில் 1, 12 அடிப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்று. இவற்றோடு 6 அங்குல யு வடிவ நில ஆணிகள் 40, மேல் விளிம்புக்கு 14 கேஜ் கம்பி 50 அடி, கட்டுக்கம்பி ஒரு சுருள், தடித்த கையுறை. வெட்டிய கோழிக்கம்பியின் ஓரம் ஊசிபோல இருக்கும், கையுறை இல்லாமல் தொடவேண்டாம். பிளாஸ்ரிக் கட்டுப் பட்டி பாவிப்பதானால் வெயில் தாங்கும் கறுப்பு வகையாக வாங்குங்கள். வெள்ளை வகை வெயிலில் காய்ந்து முறியும்.

தடி இறுக்குவதற்கு முன் ஒன்றைச் செய்தாகவேண்டும். ஒன்ராறியோவில் நிலத்தைத் தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவித்து, எரிவாயுக் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி போகும் இடங்களைக் குறிக்கச் செய்வது சட்டம். வீட்டுக்காரருக்கு இதற்குக் கட்டணம் இல்லை. குறித்துத் தரச் சில நாட்கள் எடுக்கும் என்பதால் கன்று நடும் கிழமையில் அல்ல, அதற்கு முன்னரே அறிவியுங்கள். பின்வளவில் தொலைபேசி, இணையக் கம்பிகள் அதிக ஆழமில்லாமல் ஓடுகின்றன. 18 அங்குலம் இறங்கும் இரும்புத் தடி அவற்றைத் துளைத்துவிடும்.

வேலி வரும் கோட்டுக்கு வெளியே ஒன்றரை அடி அகலத்துக்குப் புல்லை நிலத்தோடு ஒட்ட வெட்டுங்கள். தடிகளை 18 அங்குலம் இறக்கினால் வெளியே 30 அங்குலம் நிற்கும். 24 அங்குல உயரத்தில் தாங்கு கம்பியை மூலைக்கு மூலை இழுத்துக் கட்டுங்கள். பிறகு சுருளை விரித்து, ஒரு பலகையை வைத்து ஓரத்திலிருந்து 12 அங்குலத்தில் நேராக மடியுங்கள். நிலத்தில் நிறுத்திய பிறகு மடிக்கப் பார்த்தால் மடிப்பு வளைந்து வளைந்து போகும், அடியில் இடைவெளி விடும். மடிப்பு வெளிப்பக்கம் பார்க்கவேண்டும். உள்பக்கம் மடித்தால் முயல் வேலியடியில் சுரண்டும்போது அதன் காலுக்குக் கீழே வலை இருக்காது. இது அடிக்கடி காணும் பிழை.

மேல் விளிம்பைத் தாங்கு கம்பியோடு ஒரு அடிக்கு ஒரு கட்டு என்று கட்டி, நீட்டி நிற்கும் முனைகளை மடித்துவிட்டால் கூர்முனை சிறுபிள்ளைகளின் கையைக் கிழிக்காது. இழுத்துக் கட்டும்போது அளவோடு இழுங்கள். அறுகோணக் கண் இழுக்க இழுக்க ஒரு பக்கம் நீண்டு மற்றப் பக்கம் ஒடுங்கும், உயரமும் குறையும். நிலத்தில் படிந்த மடிப்பின் வெளி ஓரத்துக்கு ஒன்றரை அடிக்கு ஒரு நில ஆணி அடியுங்கள்.

மூலைகள்தான் கவனம் வேண்டிய இடம். வலையை மூலையில் திருப்பும்போது நிலத்து மடிப்பை வெட்டாமல் திருப்ப முடியாது. வெட்டித் திருப்பினால் இரண்டு மடிப்புகளுக்கும் நடுவில், மூலைக்கு வெளியே, 12 அங்குலச் சதுரம் ஒன்று வெறுமையாகக் கிடக்கும். முயலுக்கு அந்த ஒரு பொட்டுப் போதும். மிச்சம் வைத்த 4 அடியிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் ஒரு துண்டு வெட்டி, இரண்டு பக்க மடிப்பிலும் ஏறும்படி வைத்துக் கட்டுக்கம்பியால் பின்னுங்கள், மேலே இரண்டு ஆணி அடியுங்கள். நிலம் பள்ளமாக இருக்கும் இடத்தில் வலை பாலம்போல் தொங்காமல் மண்ணைப் போட்டு நிரப்புங்கள். கொஞ்ச நாளில் புல் மடிப்புக்குள்ளால் முளைத்து அதை நிலத்தோடு பிடித்துவிடும். புல்வெட்டியை அந்த ஓரத்தில் தாழ வைத்து ஓட்டினால் கம்பி சிக்கும். மரச்சிராய் பரப்பி வைத்தால் அந்தப் பகுதியில் புல் வெட்டவே தேவையில்லை.

படலைக்கு மடிப்பு வைக்க முடியாது, திறக்க வராது. அதனால் படலையின் அடியில் அதன் முழு அகலத்துக்கும் நடைபாதைக் கல் பதித்து, படலைக்கும் கல்லுக்கும் இடையில் ஒரு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாமல் பாருங்கள். கீழ்ப் பாதிக்கு அரை அங்குல ஹார்ட்வேர் குளொத் அடியுங்கள். கொளுக்கி மேலே ஒன்றும் கீழே ஒன்றும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் படலையின் கீழ் மூலை தள்ளத் தள்ள விரியும்.

வேலியை மூடுவதற்கு முன் உள்ளே ஒரு கூடு இருக்கிறதா என்று பாருங்கள். பாத்தி ஓரத்துப் புல்லில் காய்ந்த புல்லும் மென்மயிரும் சேர்ந்த ஒரு மூடி தெரிந்தால், அதன் அடியில் குட்டிகள் இருக்கும். தாய் பகலில் கூட்டோடு இருக்காது, பெரும்பாலும் விடியலிலும் மைம்மலிலும் மட்டும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். அதைக் காணவில்லை என்பதால் குட்டிகள் அநாதைகள் என்று எண்ணி எடுத்து வளர்க்க முயல வேண்டாம், அவை பிழைப்பது அரிது. கூட்டின் மேல் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, மறுநாள் குலைந்திருந்தால் தாய் வந்திருக்கிறது. மூன்று கிழமை பொறுத்தால் குட்டிகள் தாமாகவே போய்விடும். அதுவரை வேலியில் ஒரு பக்கத்தைத் திறந்து விட்டு, கன்றுகளுக்கு மேல் துணி போர்த்துச் சமாளியுங்கள். காயப்பட்ட குட்டி என்றால் ரொறன்ரோ வைல்ட்லைஃப் சென்ரரைக் கேட்டு அவர்கள் சொல்வதுபோல் செய்யுங்கள்.

இந்த வேலி எதை மறிக்காது என்பதையும் தெரிந்துதான் வாங்கவேண்டும். கிரவுண்ட்ஹொக் என்ற கொழுத்த அணில் இன விலங்கு வளை தோண்டும், வேலியிலும் ஏறும். பட்டப்பகலில் வந்து கோவாவையும் போஞ்சியையும் ஒரேயடியாக முடிக்கிறது என்றால் அதுதான் வருகிறது. அதற்கு உயரமான வேலியும், மேல் ஒரு அடி கட்டப்படாமல் தளர்வாக வெளியே சாய்ந்து நிற்கும் அமைப்பும் வேண்டும். அணிலுக்கும் ரக்கூனுக்கும் எந்த 24 அங்குல வேலியும் கணக்கே இல்லை.

தெளிப்புகளும் தூள்களும்

கடையில் வாங்கும் முயல் விரட்டித் தெளிப்புகள் இரண்டு வகையாக வேலை செய்கின்றன. ஒரு வகை மணத்தால் விரட்டும், அழுகிய முட்டை, உள்ளி, இரத்தம் போன்றவை இதில் சேரும். மற்றது சுவையால் விரட்டும், மிளகாயின் உறைப்புப் பொருள் கலந்தது. இரண்டுக்கும் பொதுவான வரையறை ஒன்று: தெளித்த இலையை மட்டுமே காக்கும். தெளித்த பிறகு விரியும் புதுத் தளிருக்குப் பாதுகாப்பு இல்லை, முயலுக்கு விருப்பமானதும் அந்தத் தளிர்தான். ஜூன் மாதத்தில் பயிற்றங்கொடி வளரும் வேகத்துக்குத் தெளிப்பு ஈடுகொடுக்காது. பெருமழைக்குப் பிறகும் திரும்பத் தெளிக்கவேண்டும்.

மரக்கறிக்கு இவற்றை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. பறித்துத் தின்னும் கீரையில் அழுகிய முட்டை மணம் ஏறுவதை யாரும் விரும்பமாட்டார்கள், பல போத்தல்களின் சுட்டியிலும் உணவுப் பயிரில் பாவிப்பதற்கு மட்டுப்பாடு உண்டு. பூக்கன்றுகளுக்கும், டியூலிப்புக்கும், குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நிற்கும் ரோசாத் தண்டுகளுக்கும் இவை பெறுமதியானவை. வளராமல் உறங்கும் தண்டில் புதுத் தளிர் வருவதில்லை, எனவே ஒரு தெளிப்பு நீண்ட காலம் நிற்கும். கனடாவில் விற்கும் பிளான்ற்ஸ்கிட் இந்த வேலைக்கு நல்ல சாமான், காய்ந்தபின் மழையைத் தாங்கி ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அதன் செயற்பொருள் உலர்த்திய விலங்கு இரத்தம். இரத்தத் தூள் என்று உரப் பகுதியில் விற்பதும் அதேதான். சைவ உணவுக்காரர் வீட்டில், சாமிக்குப் பூப் பறிக்கும் செடியில் தெளிக்குமுன் இதைத் தெரிந்திருக்கவேண்டும். அப்படியானவர்கள் மிளகாய்ச் சத்து வகையைத் தேடலாம். இரத்தத் தூள் தழைச்சத்து மிகுந்த உரம் என்பதால், முயலுக்கென்று அள்ளிப் போட்டால் தக்காளி இலை கொழுத்துக் காய் குறையும். நாய் இருக்கும் வீடு என்றால் மணத்துக்கு அது பாத்தியையே கிண்டிவிடும். எந்தத் தெளிப்பை வாங்கினாலும் சுட்டியில் பி.சி.பி. (பீடை கட்டுப்பாட்டுப் பொருள்களுக்கான அரச) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டு மிளகாய்த்தூளைத் தூவுவது பற்றிப் பலர் கேட்பதுண்டு. உறைப்பு முயலுக்குப் பிடிக்காது என்பது உண்மை. ஆனால் தூள் இலையில் ஒட்டாது, முதல் மழையோடு போய்விடும், காற்றடித்தால் தூவுபவரின் கண்ணுக்குள் போகும். கடைத் தெளிப்பில் ஒட்டவைக்கும் பொருள் சேர்ந்திருப்பதுதான் வித்தியாசம். பூச்சிமாத்திரையை ஒருபோதும் தோட்டத்தில் போடாதீர்கள். அது நச்சு, மண்ணிலும் சேரும், சிறுபிள்ளைகள் இனிப்பென்று வாயில் போடும் ஆபத்தும் உண்டு. சுட்டியில் சொல்லாத முறையில் பாவிப்பது கனடாவில் சட்டத்துக்கு மாறு.

கருவிகள்

அசைவைக் கண்டதும் தண்ணீர் பீச்சும் கருவி வேலை செய்கிறது. ஓர்பிற் நிறுவனத்தின் யார்ட் என்ஃபோர்சர் இந்த வகை, நாலு ஏஏ பற்றரியில் ஓடும், இரவில் மட்டும் இயங்கும்படியும் வைக்கலாம். முயல் மைம்மலிலும் விடியலிலும் கூடுதலாக நடமாடுவதால் அந்த வசதி முக்கியம். கண்காணிக்கும் தலையைத் தாழ்த்தி வைக்கவேண்டும். ஆள் உயரத்துக்கு நோக்கி வைத்தால் முயல் அதன் கீழால் போகும், நீங்கள்தான் நனைவீர்கள். காற்றில் ஆடும் கொடி அதன் பார்வையில் பட்டால் வீணாகப் பீச்சிக்கொண்டே இருக்கும். குழாய் எந்நேரமும் திறந்தபடி அழுத்தத்தில் இருக்கவேண்டும் என்பதால், பழைய இறப்பர்க் குழாயும் தளர்ந்த பூட்டும் ஒழுகும். ஒக்ரோபரில் உறைபனிக்கு முன் கழற்றி நீரை வடிக்கவேண்டும். பக்கத்து வீட்டோடு ஒட்டிய ஒடுங்கிய வளவுக்கு இது பொருந்தாது, நீர் அயலவரின் பாதையில் விழும். அகன்ற மூலை வளவில், வேலி அடைக்க முடியாத பூப்பாத்திக்கு வாங்கலாம்.

மீயொலிக் கருவிக்கும் ஆந்தைப் பொம்மைக்கும் காசு கொடுக்கவேண்டாம். அசையாத பொம்மைக்கு முயல் சில நாளிலேயே பழகிவிடும். செவ்வந்தியைப் பாத்தியைச் சுற்றி நட்டால் முயல் வராது என்பதும் அப்படித்தான், இளஞ் செவ்வந்தியை முயல் தின்னும்.

உயிரோடு பிடிக்கும் பொறிக்கூடு வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒன்ராறியோ விதிப்படி பிடித்த காட்டு விலங்கைப் பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள்தான் விடவேண்டும். தூரத்துப் பூங்காவுக்குக் கொண்டுபோய் விடுவது குற்றம். அந்தத் தூரத்துக்குள் விட்டால் அதே முயல் திரும்பி வரும், வராவிட்டாலும் வெறுமையான இடத்துக்கு இன்னொன்று வரும். அந்தக் காசுக்குக் கம்பிச் சுருள் வாங்கலாம்.

வேலிச் செலவைக் குறைக்க ஒரு நல்ல வழி, எதை உள்ளே நடுவது என்று தெரிவு செய்வது. போஞ்சி, பயிற்றை, பட்டாணி, கீரை, லெற்றூஸ், கரட், பீற்றூட், கோவா எல்லாம் உள்ளே வரட்டும். தக்காளி, பூசணி, வெங்காயம், உள்ளி, உருளைக்கிழங்கை முயல் பெரும்பாலும் தொடாது, வெளியே நடலாம். மிளகாய் வளர்ந்தபின் பயமில்லை, ஆனால் இளங்கன்றைக் கடித்துப் பார்க்கும், முதல் சில கிழமைக்கு ஒரு கம்பி வளையம் போடுங்கள். கொடி பந்தலில் ஏறிவிட்டது என்று போஞ்சியின் வேலியை ஜூலையில் கழற்றவேண்டாம். மேலே எட்டாவிட்டாலும் அடித்தண்டைக் கடித்தால் முழுக் கொடியும் வாடிவிடும்.

பழமரங்களுக்குக் குளிர்காலக் காப்பு

பச்சை இலை கிடைக்காத ஜனவரி, பெப்ரவரியில் முயல் மரப்பட்டைக்குத் திரும்புகிறது. இள அப்பிள், பெயார், பிளம் மரங்களின் மெல்லிய பட்டை அதற்கு நல்ல தீன். தண்டைச் சுற்றிவரப் பட்டை போனால் இலையில் உருவாகும் உணவு வேருக்கு இறங்க வழியில்லாமல் மரம் சாகும், அதைக் காப்பாற்றுவது கடினம். பனி ஒரு அடி விழுந்து இறுகினால் முயல் அதன் மேல் நின்று ஒரு அடி கூடுதலாக எட்டும். எனவே காப்பின் உயரம் உங்கள் பகுதியில் சேரும் பனிக்கு மேலே இன்னும் இரண்டு அடி இருக்கவேண்டும். 36 அங்குல அகல ஹார்ட்வேர் குளொத், அடியில் 2 அங்குலம் மண்ணுக்குள் போவதைக் கழித்தால், 10 அங்குலப் பனிக்குப் பொருந்தும்.

தண்டின் குறுக்களவு 2 அங்குலம் என்றால், சுற்றிவர 2 அங்குல இடைவெளி விட்டு 6 அங்குலக் குறுக்களவில் உருளை வேண்டும். அதற்கு 19 அங்குல நீளமும், ஒன்றின் மேல் ஒன்று ஏற 2 அங்குலமும் சேர்த்து 21 அங்குலத் துண்டு வெட்டுங்கள். இடைவெளி விடாமல் தண்டோடு ஒட்டினால் கண்ணுக்குள்ளால் கடிக்கும். அடியை 2 அங்குலம் மண்ணுக்குள் இறக்கினால் வயல் எலியும் உள்ளே போகாது, எலி இருக்கும் வளவுக்குக் கால் அங்குலக் கண்தான் சரி. மண் உறைவதற்கு முன், நவம்பர் நடுப்பகுதிக்குள் இதைச் செய்து முடியுங்கள். சுருளாகச் சுற்றும் வெள்ளைப் பிளாஸ்ரிக் காப்பு மலிவு, ஒரு குளிர்காலத்துக்குப் போதும். ஆனால் தண்டோடு ஒட்டியே இருப்பதால் ஏப்ரலில் கட்டாயம் கழற்றவேண்டும், விட்டால் உள்ளே ஈரம் தங்கிப் பட்டை அழுகும், பூச்சியும் சேரும். கம்பி உருளையை வருடம் முழுக்க விடலாம். தண்டு பருக்கும்போது கட்டை அவிழ்த்து விரித்துக் கட்டுங்கள்.